ஜோக்குல பாதி கேட்கிறவர் கையில இருக்கு

நகைச்சுவைக்கு கலையில உண்மையான வேலை ஏதாவது இருக்கா, இல்ல ஜனங்க எந்திரிச்சுப் போகாம இருக்க நடுவுல சேர்க்கிற சமாச்சாரமா, அதே மாதிரி தினசரி பேச்சுல வர்ற ஜோக்கெல்லாம் வெறும் பொழுதுபோக்குதானாங்கிறதுதான் கேள்வி. ரெண்டுக்கும் ஒரே இடத்துலேர்ந்துதான் பதில் வருதுன்னு நான் நம்புறேன். ஜோக்குங்கிறது சொல்றவர் தனியா செஞ்சு முடிக்கிற காரியம் கிடையாது, அவர் பாதியைத்தான் செய்றார், மீதிப் பாதியை கேட்கிறவர் தன் மூளையில செஞ்சு முடிக்கிறார். இந்த ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டா கலையில அது என்ன பண்ணுது, நண்பர்களுக்குள்ள என்ன பண்ணுது, அதிகாரத்துல இருக்கிறவங்க ஏன் அதைப் பார்த்து பயப்படுறாங்க, சில ஜோக் ஏன் காயப்படுத்துதுன்னு எல்லாமே வரிசையா புரிய ஆரம்பிக்கும்.

எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பழைய ஜோக்கை எடுத்துக்கோங்க. "டாக்டர், எனக்கு ஞாபக மறதி ரொம்ப அதிகமாயிடுச்சு." "எப்போலேர்ந்து?" "எது எப்போலேர்ந்து?" அவ்வளவுதான். இதுல 'கேட்ட கேள்வியையே அவர் மறந்துட்டார்'ங்கிற விஷயம் எந்த வரியிலயும் இல்ல, அதை நீங்கதான் சேர்த்தீங்க. சேர்த்த அந்த நொடியிலதான் சிரிப்பு வந்துச்சு. சொல்றவரே அதையும் விளக்கமா சொல்லிட்டார்னா தகவல் அப்படியேதான் இருக்கும், சிரிப்பு மட்டும் போயிடும், ஏன்னா உங்க பங்கு வேலையை அவர் பிடுங்கிட்டார். இறுக்கமா எதிர்பார்த்துக்கிட்டு இருந்தது திடீர்னு ஒண்ணுமில்லாம போறதுதான் சிரிப்புன்னு தத்துவவாதி இம்மானுவேல் கான்ட் 1790ல எழுதினார். அவருக்கு அப்பறம் வந்தவங்க நிறைய பேர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாத ரெண்டு விஷயம் ஒரே நேரத்துல மனசுல வர்றதுதான் காரணம்னு சொன்னாங்க. சரிதான். ஆனா அந்த ரெண்டையும் பக்கத்துல கொண்டுவந்து வைக்கிறது மட்டும்தான் சொல்றவர் வேலை, ஒட்டலைன்னு கண்டுபிடிக்கிறது நம்ம வேலை.

கலைக்கும் இதுதான் உயிர். நல்ல கவிதையோ நல்ல சினிமாவோ எல்லாத்தையும் வாயில ஊட்டாது, பார்க்கிறவர் மேல நம்பிக்கை வச்சு ஒரு இடத்தை காலியா விடும். ஜோக் அந்த நம்பிக்கையோட ரொம்ப சுத்தமான வடிவம், ஏன்னா அது பலிச்சுதா இல்லையான்னு அடுத்த நொடியே தெரிஞ்சுடும், மறைக்க வழியே இல்ல. ஹெய்டன்ங்கிற ஐரோப்பிய இசையமைப்பாளர் 1781ல நாலு பேர் தந்தி வாத்தியத்துல வாசிக்கிறதுக்காக எழுதுன ஒரு இசை இருக்கு, 'ஜோக்'ங்கிற பேர்லயே அதை இன்னிக்கும் வாசிக்கிறாங்க. கடைசிப் பகுதியில ட்யூன் முடிஞ்ச மாதிரி நிக்கும், கைதட்டலாம்னு நினைக்கிறப்போ மறுபடி கொஞ்சம் வரும், மறுபடி நிக்கும், கடைசியில ட்யூனோட முதல் துண்டை மட்டும் ஒரு தடவை வாசிச்சுட்டு அப்படியே விட்டுடுவாங்க. இதுல ஒரு வார்த்தை கூட கிடையாது, ஆனா அரங்கத்துல சிரிப்பு வரும், காரணம் ஒரு பாட்டு எங்க முடியணும்னு நம்ம காது ஏற்கனவே முடிவு பண்ணி வச்சிருக்கு, ஹெய்டன் அந்த முடிவோடதான் விளையாடுறார். இசை நம்மளை எப்படி எதிர்பார்க்க வைக்குதுங்கிறதை இதைவிடத் தெளிவா எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிக்கொடுக்க முடியாதுன்னு தோணுது. 1917ல மார்செல் டூஷாம்ப்ங்கிற ஓவியர், ஆம்பளைங்க கழிப்பறையில இருக்கிற சிறுநீர்த் தொட்டி ஒண்ணை எடுத்து பொய்க் கையெழுத்து போட்டு கண்காட்சிக்கு அனுப்பினதும் இதே வேலைதான். அதை வைக்க மறுத்துட்டாங்க, ஆனா 'அப்போ கலைன்னா என்ன'ங்கிற கேள்வி நூறு வருஷம் தாண்டியும் முடியல.

நம்ம பழைய இலக்கணத்துல இதுக்கு ஒரு பெரிய மரியாதை இருக்கு, அதை நிறைய பேர் கவனிக்கிறது இல்ல. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடு, அதாவது மனசுல இருக்கிறது வெளிய தெரியுற உணர்ச்சி, சொல்லுது, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகைன்னு. முதல்ல நிக்கிறது நகை, கடைசியில நிக்கிறது உவகை. அதாவது சிரிப்பு வேற, சந்தோஷம் வேறன்னு தெளிவா பிரிச்சு வச்சிருக்காங்க. சிரிக்கிறவங்க எல்லாம் சந்தோஷமா இருக்காங்கன்னு நாம ஈஸியா நினைச்சுக்கிறோம், அந்தக் குழப்பம் அங்க இல்ல. அந்த நகை எதுனால வருதுன்னு நாலு காரணமும் சொல்றாங்க, எள்ளல், இளமை, பேதைமை, மடன். இதுல எள்ளலுக்கு, அதாவது கேலிக்கு, உரை எழுதுற பேராசிரியர்ங்கிற பேர் கொண்ட பழைய உரையாசிரியர் அது ரெண்டு வகைங்கிறார், நாம அடுத்தவரை எள்ளி சிரிக்கிறது ஒண்ணு, அடுத்தவங்க நம்மளை எள்ளும்போது நாம சிரிக்கிறது இன்னொண்ணு. அந்த ரெண்டாவது வகையைப் பாருங்க, அவமானப்பட்டவன் சிரிக்கிற சிரிப்பு! நாடகத்துலயும் சரி நிஜத்துலயும் சரி, அதைவிட கனமான சிரிப்பு எனக்குத் தெரிஞ்சு இல்ல.

அதனாலதான் 'சோகத்துக்கு நடுவுல கொஞ்சம் காமெடி' ஆசுவாசத்துக்காகன்னு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். ஷேக்ஸ்பியரோட மேக்பெத் நாடகத்துல ராஜாவைக் கொலை பண்ணியாச்சு, கையில ரத்தம், அந்த நேரம் பார்த்து கோட்டைக் கதவை யாரோ தட்டுறாங்க. திறக்கப் போறவன் ஒரு குடிகாரக் காவலாளி, தான் நரகத்தோட வாசலைக் காக்கிறதா பாவனை பண்ணிக்கிட்டு உளறிக்கிட்டே போறான். பார்க்கிறவங்க சிரிக்கிறாங்க, ஆனா சிரிச்சுக்கிட்டே, இது உண்மையிலேயே நரக வாசல்தானேன்னு அவங்களா கண்டுபிடிக்கிறாங்க. வேற யாராவது வந்து சீரியஸா 'இந்த வீடு நரகம் ஆயிடுச்சு'ன்னு வசனம் பேசியிருந்தா அதுல பாதி பயம் கூட வந்திருக்காது. அவரோட லியர் மன்னன் நாடகத்துலயும் அதேதான், ராஜாகிட்ட நேருக்கு நேர் 'நீ பண்ணது முட்டாள்தனம்'னு சொல்ல முடிஞ்ச ஒரே ஆள் அந்தக் கோமாளிதான், நேராச் சொன்ன மத்தவங்களை எல்லாம் ராஜா விரட்டி விட்டுட்டார்.

சாப்ளின் 1925ல எடுத்த 'தி கோல்ட் ரஷ்' படத்துல பசி தாங்காம ஷூவை வேகவச்சு தின்பார். ஆணியை எலும்பு மாதிரி சப்புவார், லேஸை நூடுல்ஸ் மாதிரி சுத்தி வாயில வைப்பார். அந்த யோசனை எங்கேர்ந்து வந்துச்சுன்னா, 1846ல அமெரிக்காவுல மேற்கு நோக்கிப் போன ஒரு கூட்டம் மலையில பனியில மாட்டி, பசியில செருப்புத்தோல் வரைக்கும் தின்னு, செத்தவங்க உடம்பைக்கூட தின்ன நிலைக்கு வந்தாங்க, அதைப் படிச்சதுலேர்ந்துதான் வந்துச்சுன்னு அவரே தன் சுயசரிதையில எழுதியிருக்கார். அந்த நிஜத்தை அப்படியே படமா காட்டியிருந்தா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிருப்போம். ஷூவை விருந்து மாதிரி மரியாதையா சாப்பிடுற ஒரு மனுஷனைக் காட்டினதால கண்ணெடுக்காம பார்க்கிறோம், பசின்னா என்னன்னு நாமளே போய் சேர்றோம். பார்க்கவே முடியாத ஒண்ணைப் பார்க்க வைக்கிறது, கலையில நகைச்சுவையோட முதல் வேலை இதுதான்னு நான் சொல்வேன்.

அப்பறம் ஏன் சீரியஸான படைப்புதான் உசத்திங்கிற எண்ணம் இவ்வளவு ஆழமா இருக்கு? பல காரணம் சொல்லலாம். கவிதையியல் எழுதுன அரிஸ்டாட்டில் காமெடியைப் பத்தி பின்னால சொல்றேன்னு சொல்லியிருக்கார், ஆனா நம்ம கைக்கு வந்து சேர்ந்தது துன்பியல், அதாவது சோக நாடகம் பத்தின பகுதிதான், அதனால பல நூற்றாண்டு விமர்சகர்கள் அதையே அளவுகோலா வச்சாங்க. ஆனா எனக்கு முக்கியமா படுற காரணம் வேற. காமெடி சீக்கிரம் பழசாகும். சாவு, பிரிவு, துரோகம் இதெல்லாம் எந்தக் காலத்துக்காரனுக்கும் புரியும், ஜோக்குக்கு கேட்கிறவர் பங்கு தேவை, அந்தப் பங்கு அந்தக் காலத்து பேச்சு, அந்த ஊர் தலைவர், அந்த வார நியூஸ்னு எதுலயாவது தொங்கிக்கிட்டு இருக்கும். பழைய கிரேக்க காமெடி நாடகக்காரர் அரிஸ்டோஃபனிஸோட நாடகத்தை இன்னிக்குப் படிக்கிறவர் பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு பார்க்க வேண்டியிருக்கு, அடிக்குறிப்பு பார்த்து சிரிக்கிறது ரொம்ப கஷ்டம். காலத்தைத் தாண்டாததால மட்டமானதுன்னு முடிவு பண்றது நியாயமே இல்ல. அந்த நேரத்துல, அந்தக் கூட்டத்துல அது எவ்வளவு கூர்மையா வேலை செஞ்சிருக்கும்னு யோசிக்கணும்.

இப்போ தினசரி வாழ்க்கைக்கு வர்றேன். ராபர்ட் ப்ராவைன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர், ஜனங்க சாதாரணமா பேசிக்கிற இடங்கள்ல சிரிப்பு வந்த சுமார் 1200 தருணங்களைக் குறிச்சு வச்சார். சிரிப்புக்கு முன்னாடி என்ன சொன்னாங்கன்னு பார்த்தா, ஜோக் மாதிரி இருந்தது நூத்துக்கு 10லேர்ந்து 20 தான். மீதியெல்லாம் 'சரி நான் கிளம்புறேன்' மாதிரி சாதாரண வாக்கியங்கள். கேட்கிறவரை விட பேசுறவர்தான் அதிகமா சிரிச்சிருக்கார். அதோட தனியா இருக்கும்போது சிரிக்கிறதை விட கூட ஆள் இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகமா சிரிக்கிறோம்னும் அவர் கண்டார். அப்போ சிரிப்பு ஜோக்குக்கான பதில் மட்டும் இல்ல, 'நானும் உன்கூடதான் இருக்கேன், நமக்குள்ள பிரச்சினை இல்ல'ன்னு சொல்ற ஒரு சிக்னல். குழந்தை பேச ஆரம்பிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே, மூணு நாலு மாசத்துலயே சத்தமா சிரிக்குது. யாக் பாங்க்செப்ங்கிற விஞ்ஞானி எலிகளை கிச்சுகிச்சு மூட்டினப்போ அதுங்க சுமார் 50 கிலோஹெர்ட்ஸ்ல, நம்ம காதுக்கே எட்டாத ஒரு சத்தம் போடுறதைக் கண்டுபிடிச்சார், விளையாடும்போது போடுற அதே சத்தம். இது எவ்வளவு பழைய விஷயம்னு அதுலேர்ந்து தெரியுது.

2011ல ராபின் டன்பர்ங்கிற ஆய்வாளரோட குழு வெளியிட்ட ஆய்வுல, கூட்டமா உட்கார்ந்து நல்லா சிரிச்சவங்களுக்கு வலி தாங்குற அளவு கூடுறதா வந்துச்சு. சிரிச்சா எல்லா நோயும் போயிடும்னு ஃபார்வர்டுல வர்றதை நான் நம்பச் சொல்ல மாட்டேன், அந்த அளவுக்கெல்லாம் ஆதாரம் கிடையாது. ஆனா சேர்ந்து சிரிக்கிறது மனுஷங்களை ஒட்ட வைக்குதுங்கிறது உறுதியா சொல்லலாம். பல வருஷ நண்பர்களுக்குள்ள ஒரே ஒரு வார்த்தை போதும், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க, பக்கத்துல இருக்கிற புது ஆளுக்கு ஒண்ணும் விளங்காது. அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால இருக்கிற பாதி அவங்க சேர்ந்து வாழ்ந்த வருஷங்கள். வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்துல 'நகல்வல்லர் அல்லார்க்கு மாயிரு ஞாலம் பகலும்பாற் பட்டன்று இருள்'னு சொல்றார், அடுத்தவங்களோட கலந்து சிரிச்சு மகிழத் தெரியாதவங்களுக்கு பட்டப்பகல்ல கூட உலகம் இருட்டுதான்னு. இதை அவர் பொழுதுபோக்குன்னு எங்கயோ ஒரு மூலையில வைக்கல, பண்புல வச்சிருக்கார் பாருங்க.

கஷ்ட காலத்துல ஜோக் என்ன பண்ணுதுங்கிறது தனியா பேச வேண்டியது. திங்கக்கிழமை காலையில தூக்குல போட கூட்டிட்டுப் போற ஒரு கைதி 'ம், இந்த வாரம் நல்லாத்தான் ஆரம்பிக்குது'ன்னு சொன்னதா ஒரு ஜோக்கை ஃப்ராய்ட் எடுத்துப் பேசுறார். அவனைக் காப்பாத்த அந்த ஜோக்கால முடியாது. ஆனா அந்த ஒரு நிமிஷம் அவன் தன் சாவை கொஞ்சம் தள்ளி நின்னு பார்க்கிறான், அதைப் பறிக்க யாராலயும் முடியல. விக்டர் ஃப்ராங்கல்ங்கிற மனநல மருத்துவர் நாஜி முகாம்ல கைதியா இருந்தப்போ கூட வேலை செஞ்ச நண்பர்கிட்ட, விடுதலையான பின்னாடி நடக்கக்கூடிய ஒரு வேடிக்கையை தினமும் ஒண்ணாவது ரெண்டு பேரும் கற்பனை பண்ணணும்னு ஒப்பந்தம் போட்டார். அதுல ஒண்ணு, பின்னால ஒரு நாள் பெரிய விருந்துக்குப் போவோம், அங்கயும் முகாம் பழக்கத்துல, சூப்பை அடியிலேர்ந்து அள்ளி ஊத்துங்கன்னு வீட்டுக்கார அம்மாகிட்ட கெஞ்சுவோம்ங்கிறது. முகாம்ல சூப்போட அடியிலதான் ரெண்டு பட்டாணி கிடக்கும், அதனால. அந்த ஜோக்குக்குள்ள எதிர்காலம் ஒண்ணு இருக்குங்கிற நம்பிக்கை உட்கார்ந்திருக்கு, நாம உயிரோட வெளிய போவோம்னு நேரா சொல்ற தைரியம் யாருக்கும் இல்லாத இடத்துல அந்த வேலையை ஜோக் செஞ்சுது.

அதிகாரத்துக்கு வருவோம். 1831ல பிரான்ஸ்ல சார்ல் ஃபிலிப்போன்ங்கிற பத்திரிகைக்காரர் ராஜா லூயி ஃபிலிப்பைக் கேலி பண்ணார்னு கேஸ். அவர் கோர்ட்டுலயே நாலு படம் வரைஞ்சு காட்டினார், முதல்ல ராஜா முகம், அடுத்தடுத்து கொஞ்சம் கொஞ்சமா மாறி கடைசியில ஒரு பேரிக்காய். எந்தப் படத்துலேர்ந்து குத்தம் ஆரம்பிக்குதுன்னு சொல்லுங்க, ராஜா மாதிரி இருக்கிற எல்லாத்தையும் தண்டிப்பீங்களான்னு கேட்டார். தண்டனை கிடைச்சுதுதான், ஆனா அதுக்கப்பறம் நாடு முழுக்க சுவத்துல பேரிக்காய் கிறுக்க ஆரம்பிச்சுட்டாங்க, பேரே எழுத வேண்டியதில்ல, பார்க்கிறவன் ராஜா முகத்தைத் தானே சேர்த்துக்கிட்டான். அடுத்த வருஷம் ஓவியர் டோமியே ராஜாவைப் பெருந்தீனிக்கார அரக்கனா வரைஞ்சதுக்கு ஆறு மாச ஜெயில் தண்டனை வாங்கினார். ஸ்டாலின் காலத்து சோவியத்துல ஜோக் சொன்னதுக்காக ஜனங்க லேபர் கேம்ப்புக்குப் போனாங்க. தமிழ்நாட்டுலயும் 1987ல அரசியல்வாதிகளைக் கேலி பண்ற ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு சட்டசபை மூணு மாச சிறைத் தண்டனை கொடுத்துச்சு, எதிர்ப்பு பலமா கிளம்பினதால சில நாள்லயே வெளிய விட்டாங்க.

ஒரு வரி ஜோக்குக்கு ஏன் இவ்வளவு பயம்? கட்டுரை எழுதி விமர்சனம் பண்ணா அது ஒரு ஆளோட கருத்து, மறுத்துடலாம். ஆயிரம் பேர் ஒரே நேரத்துல ஒரு ஜோக்குக்கு சிரிச்சாங்கன்னா, சொல்லாம விட்ட அந்தப் பாதி அந்த ஆயிரம் பேர் மனசுலயும் ஏற்கனவே இருந்துச்சுன்னு அர்த்தம். அதைவிட முக்கியம், பக்கத்துல இருக்கிறவனுக்கும் தெரியும்னு ஒவ்வொருத்தனுக்கும் அந்த நிமிஷம் தெரிஞ்சுடுது. இதனால ஆட்சி கவுந்துடும்னு நான் சொல்லல, சோவியத் ஜோக்கெல்லாம் பல பத்து வருஷம் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, ஆட்சியும் ஓடுச்சு. பயந்துக்கிட்டே இருக்கிற ஜனங்க தாங்கள் தனியா இல்லன்னு தெரிஞ்சுக்க ஒரு வழி, அவ்வளவுதான், அது சின்ன விஷயம் இல்ல.

இதே சக்திதான் திரும்பினா கொடுமையா வேலை செய்யும், இதைச் சொல்லாம விட்டா என் பதில் பாதிதான். அரிஸ்டோஃபனிஸ் கி.மு. 423ல சாக்ரடீஸை கூடையில அந்தரத்துல தொங்குற ஏமாத்துக்காரனா மேடையில காட்டி சிரிக்க வச்சார். கி.மு. 399ல சாக்ரடீஸ் விசாரணையில நிக்கிறப்போ, இப்போ குத்தம் சாட்டுறவங்களை விட அந்தப் பழைய கெட்ட பேர்தான் எனக்கு ஆபத்துன்னு அந்த நாடகத்தையே சுட்டிக்காட்டிப் பேசினதா பிளேட்டோ எழுதுறார். வாதத்துக்கு பதில் சொல்லலாம், சிரிச்ச ஜனங்க மனசுல பதிஞ்ச உருவத்துக்கு என்ன பதில் சொல்றது? ஒரு பிரிவு ஆளுங்களை மட்டம் தட்டுற ஜோக்கைப் பத்தி உளவியல்காரர் தாமஸ் ஃபோர்ட் பண்ண ஆய்வுகள்ல வந்தது இது: அந்த ஜோக் புதுசா வெறுப்பை உண்டாக்குறது இல்ல, ஏற்கனவே உள்ளுக்குள்ள வெறுப்பு வச்சிருக்கிறவனுக்கு 'இங்க அதை வெளிய காட்டலாம், தப்பில்ல'ன்னு அனுமதி கொடுக்குது. மறுபடியும் அதே பாதிதான், சொல்லாம விட்ட இடத்தை அவன் தன் வெறுப்பால நிரப்பிக்கிறான்.

அதனால 'சும்மா ஜோக்குக்குதானே சொன்னேன்'ங்கிற சால்ஜாப்பு எனக்குக் கோவத்தை வரவைக்கும். அதே பண்புடைமை அதிகாரத்துலதான் வள்ளுவர் 'நகையுள்ளும் இன்னா திகழ்ச்சி'ன்னும் சொல்லியிருக்கார், விளையாட்டா சொன்னாலும் இகழ்ச்சி வலிக்கத்தான் செய்யும். ஒரே வார்த்தையை நெருங்கின நண்பன் சொன்னா பாசம், மேலதிகாரி பத்து பேர் முன்னாடி சொன்னா அவமானம். நண்பனுக்கு திருப்பி ஒண்ணு கொடுக்கலாம், மேலதிகாரிகிட்ட சேர்ந்து சிரிச்சு வைக்கிறதைத் தவிர வழியில்ல. அந்தக் கேலிக்கு இலக்கான ஆளால திருப்பிச் சொல்ல முடியுமா, முடியாதாங்கிறதைத்தான் நான் எப்பவும் முதல்ல பார்ப்பேன். அப்பறம் தன்னைத்தானே விடாம மட்டம் தட்டிக்கிட்டு எல்லாரையும் சிரிக்க வைக்கிறவங்க இருக்காங்க, அவங்களையும் கொஞ்சம் கவனிங்க, கூட்டத்துல இடம் கிடைக்கணும்னு தன் மரியாதையையே விலையா கொடுக்கிற பழக்கம் அது, உளவியல் ஆய்வாளர் ராட் மார்ட்டின் 2003ல நகைச்சுவை பாணிகளை நாலா பிரிச்சப்போ இதைத் தனி வகையா வச்சது அதனாலதான்.

இன்டர்நெட்ல இது இன்னும் சிக்கலாகுது, ஏன்னா குரல் இல்ல, முகம் இல்ல, பத்து நண்பர்களுக்காக எழுதுன வரி ஸ்கிரீன்ஷாட்டா பத்து லட்சம் பேர்கிட்ட போகுது, மீதிப் பாதியை வச்சிருந்த அந்தப் பத்து பேர் அங்க கூட இல்ல. பாதியை மட்டும் பார்க்கிறவனுக்கு அது கேலியா நிஜமான்னே தெரியாது. மீம் இவ்வளவு வேகமா ஓடுறதும் இதே காரணத்தாலதான், எல்லார் கையிலயும் ஏற்கனவே இருக்கிற படத்தை அது பாதியா எடுத்துக்குது.

எல்லையைப் பத்தி சாப்ளின் சொன்னதையும் சேர்த்துக்கணும். 1940ல 'தி கிரேட் டிக்டேட்டர்' எடுத்து ஹிட்லரை உலக உருண்டை பலூனோட டான்ஸ் ஆட வச்சவர், முகாம்கள்ல நடந்த நிஜக் கொடுமை அப்போ தெரிஞ்சிருந்தா அந்தப் படத்தை எடுத்திருக்கவே முடியாதுன்னு 1964ல வந்த சுயசரிதையில எழுதினார். அவர் மனசு எனக்குப் புரியுது, ஆனாலும் அந்தப் படம் எடுத்தது சரின்னுதான் நான் நினைக்கிறேன், ஏன்னா அதுல நாம சிரிக்கிறது மிதிக்கிறவனைப் பார்த்து, மிதிபடுறவங்களைப் பார்த்து இல்ல. அந்தப் படத்துல அடி வாங்குற, முடிதிருத்துற யூதரோட சேர்ந்துதான் சிரிக்கிறோம்.